மீன் தராசில் ஏறிய நாம்பன்

பால் அளவைப் பணிக்குப் புதிதாக வந்திருக்கும் இளையோரே, உங்கள் கையில் முதலில் தரப்படுபவை ஒரு வாளியும் ஒரு தொங்கு தராசும். அவற்றைக் கையாளும் முறையைப் பயிற்சியில் கற்றிருப்பீர்கள். அதை நான் மீண்டும் சொல்லப் போவதில்லை. வாளிக்குள் விழாத பாலைப் பற்றியே சொல்ல விரும்புகிறேன். திருகோணமலை மாவட்டத்தில் கால்நடை மருத்துவராக நான் ஆற்றிய ஆய்வுப்பணியில் என் நெஞ்சு மிக விரைந்து துடித்த காலைப்பொழுது ஒன்று உண்டு. ஓய்வுபெற்ற பின்னும் அதை நினைத்தால் கதிரையில் அமர்ந்திருக்க முடிவதில்லை. எழுந்து நடக்கத் தொடங்கிவிடுகிறேன்.

அந்நாளில் எங்கள் ஆய்வுப் பிரிவுக்கு ஒரு பெருவேட்கை இருந்தது. நாடெங்கும் பால் அளவைப் பதிவு நடைபெறுகிறது. நிறையப் பால் தரும் பசுவின் ஆண்கன்றைத் தெரிந்தெடுத்துப் பொலிகாளையாக வளர்ப்பார்கள். அதன் விந்து செயற்கைமுறைச் சினைப்படுத்தலுக்காக ஊரூராகப் போகும். ஆனால் அவ்வாறு தெரிவான கன்றுகளுட் பெரும்பாலானவை குளிர்ந்த மலைநாட்டுப் பசுக்களின் கன்றுகள். அவற்றின் வழிவந்த பசுக்கள் எங்கள் கரையோரத்துக்கு வந்தால் நண்பகல் வெயிலில் நாக்கு நீட்டி இளைக்கும். இங்கேயே பிறந்து, இந்த உப்புக்காற்றில் மேய்ந்து, இந்தக் காய்ந்த புல்லைத் தின்று பால் சுரக்கும் ஒரு பசுவின் வழியில் ஒரு பொலிகாளை வேண்டும் என்பதே என் ஆய்வின் நோக்கம். அந்த ஆண்டு பொலிகாளைத் தெரிவுக்குழு கரையோரக் கன்றொன்றுக்கென ஓரிடத்தை ஒதுக்கியது. ஓரிடம் தான். ஆயினும் அந்தச் செய்தி வந்த நாளில், துறைமுகத்தைப் பார்த்திருந்த எங்கள் அலுவலகச் சாளரத்தருகே நான் நெடுநேரம் சிரித்துக்கொண்டு நின்றதாகப் பின்னர் உடன் பணியாற்றியோர் சொன்னார்கள்.

பதிவுகளின்படி அந்த இடம் தோப்பூர்ப் பண்ணையொன்றின் கன்றுக்குப் போவதாக இருந்தது. சாம்பல்தீவில் பரமேஸ்வரி அக்காவின் 'சிவலை' என்னும் செந்நிறக் கலப்பினப் பசுவும் தொடக்கத்தில் பட்டியலில் இருந்தது. பால் குறைவென்று நீக்கப்பட்டுவிட்டது. குழுவினர் தோப்பூர் செல்வதற்கு முதல்நாள் மாலை, நான் நிலாவெளியிலிருந்து திரும்பும் வழியில் அக்காவின் வீட்டு வளவில் நின்றேன். நீக்கிய செய்தி கடிதத்தில் முன்பே போயிருந்தது. நேரிலும் ஒரு சொல் சொல்லிப் போவது முறையென்று எண்ணினேன். வேறெதற்காகவும் நிற்கவில்லை.

அங்கேதான் சிவலையின் நாம்பனை, அதன் ஆண்கன்றைக் கண்டேன். தடித்த கழுத்து, பளபளத்த மயிர், கயிற்றை இழுத்துக்கொண்டு வேலியை முட்டும் திமிர். குறைந்த பால் தரும் பசுவின் கன்று இப்படி இருக்காது. எலும்பு தெரியும், வயிறு மட்டும் தொங்கும். பதிவு ஒன்றைச் சொல்கிறது. கன்று வேறொன்றைச் சொல்கிறது. இரண்டும் ஒருங்கே மெய்யாக இருத்தல் அரிது.

"அக்கா, இவனுக்கு என்ன குடுக்கிறீங்கள்?" என்று கேட்டேன்.

"என்னத்தைக் குடுக்கிறது மிஸ். பின் காம்பு ரெண்டும் அவனுக்கு, முன் காம்பு ரெண்டும் எங்களுக்கு. எங்கட வீட்டில எப்பவும் அப்பிடித்தான். பால்குடி மறக்கும் வரைக்கும் நாங்கள் பின் காம்பில கை வைக்கிறேல்லை."

"அளக்க வந்தவரிட்ட இதைச் சொல்லேல்லையா?"

பரமேஸ்வரி அக்கா என்னை வியப்போடு பார்த்தார். "அவர் பால் எவ்வளவு எண்டுதானே கேட்டவர். கன்று குடிக்கிறதைப் பால் எண்டு ஆர் சொல்லுறது? அது அவன்ர சாப்பாடு."

இளையோரே, அக்கா எதையும் மறைக்கவில்லை. அளந்தவரும் பொய் எழுதவில்லை. வாளியில் இருந்ததைத் துல்லியமாக நிறுத்தார். எங்கள் அளவை முறை பெரும்பண்ணைகளுக்கென அமைந்தது. அங்கே கன்றைப் பிறந்தவுடன் பிரித்து வாளிப்பால் ஊட்டி வளர்ப்பார்கள்; நான்கு காம்பின் பாலும் அளவைக்கு வரும். இங்கேயோ கன்று முட்டினாலன்றிப் பசு பால் விடாது. கன்றுக்கு உரியதை விட்டுவிட்டே கறப்பார்கள். எனவே தோப்பூரில் ஒரு முழுப் பசுவை அளந்தோம். சாம்பல்தீவில் அரைப் பசுவை அளந்தோம். பின்னர் இரண்டையும் ஒரே நிரலில் எழுதி ஒன்றை வெட்டினோம்.

"நாளைக்கு விடியக் கறக்க முன்னம் வாறன் அக்கா. நான் வரும் மட்டும் கன்றை அவிட்டு விடாதையுங்கோ."

"நாளைக்கு மஜீத் நானா லொறியோட வாறார் மிஸ்," என்றார் அவர். "தாயையும் கன்றையும் சேர்த்துக் குடுக்கக் கதைச்சாச்சு. உங்கட கடுதாசியில பால் குறைவெண்டு வந்த உடன இவர் முடிவெடுத்திட்டார்."

'இவர்' என்றது அவருடைய கணவர் நல்லதம்பியை. அவர் கொட்டிலின் மறுபுறத்தில் வள்ளத்தின் எஞ்சினைக் கழற்றிப் போட்டுக்கொண்டு, தலை நிமிராமலே சொன்னார்: "அரசாங்கக் கடுதாசி பொய்யே சொல்லும்? பால் இல்லாத மாட்டுக்கு இவ வைக்கோல் சுமக்கிறா. முதுகு போனது தான் மிச்சம்."

பரமேஸ்வரி அக்கா சிவலையின் கழுத்தில் கை வைத்தபடி நின்றார். அந்தப் பசுவைக் கன்றாக இருந்தபோதே வாங்கி வளர்த்தவர் அவர். அவர் அதனை விற்க விரும்பவில்லை என்பதை அறிய எந்த அளவைக் கருவியும் வேண்டியிருக்கவில்லை. எங்கள் கடிதம் அவருடைய வாயை அடைத்திருந்தது.

உடனே தெரிவுக்குழுத் தலைவரைத் தொலைபேசியில் அழைத்தேன். குழுவினர் நகரத்தில் விருந்தினர் விடுதியில் தங்கியிருந்தார்கள். தலைவர் கண்டிப்பானவர், மடிப்புக் குலையாத வெண்சட்டைக்கும், ஐயத்துக்கு இடமான எந்த எண்ணையும் ஏற்காத பிடிவாதத்துக்கும் பெயர்பெற்றவர்.

"கன்று கொழுத்திருக்கு எண்டு சொல்லுறீங்கள், டொக்டர். கொழுப்பைக் காட்டி நான் குழுவில என்ன வாதாட?"

"கன்று குடிக்கிற பாலை அளந்து காட்டுறன் சேர். குடிக்க முன்னம் ஒருக்கால், குடிச்ச பிறகு ஒருக்கால் கன்றை நிறுப்பம். வித்தியாசம் பால்."

"எதில நிறுப்பீங்கள்? கால்நடைத் தராசு அவ்வளவு சின்ன வித்தியாசத்தைக் காட்டாதே."

அத்தகைய தராசு எங்கள் அலுவலகத்திலும் இல்லை. "தராசுக்கு நான் பொறுப்பு சேர்," என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றும் தெரியவில்லை.

"தோப்பூருக்குப் போக முன்னம் வந்து பாக்கிறன். தராசு இல்லையெண்டால் வாகனத்தை விட்டு இறங்கவும் மாட்டன்."

மறுநாள் விடியலில் நான் போனபோது வளவு வாசலில் லொறி நின்றது. மஜீத் நானா மூதூர்ப் பக்கத்து மாட்டு வணிகர். நகைச்சுவையும் நாணயமும் உள்ள மனிதர். "மிஸ், நீங்களும் மாடு வாங்க வந்தீங்களா? நமக்குள்ள போட்டி வேணாம்," என்று சிரித்தார். நான் நிலைமையைச் சொன்னேன். தராசு இல்லை என்பதையும் சொன்னேன்.

நல்லதம்பியைப் பார்த்துக் கேட்டேன்: "அண்ணை, மீனை எதில நிறுக்கிறீங்கள்?"

"கரையில மீன் வாடியில கரண்டுத் தராசு. பற்றரியிலயும் ஓடும். ஒரு சூடை மீன் கூடினாலும் காட்டும்."

மூவரும் ஒருவரையொருவர் பார்த்தோம். மஜீத் நானா தலையைச் சொறிந்தார். "நான் வந்தது மாடேத்த மிஸ், தராசேத்த இல்ல." சொல்லிக்கொண்டே லொறிக் கதவைத் திறந்தார். "ஏறுங்க நல்லதம்பி. பால் கூடவெண்டு வந்தா எனக்கு மாடு இல்ல. அந்தத் தராசை நானே ஏத்திக்கொண்டு வாறன். என்னைப் போல வியாபாரி எங்கயாச்சும் இருப்பானா?"

வாடிக்காரர் தராசைத் தந்தார். வள்ளங்கள் கரைக்கு வருமுன் அது திரும்பிவிட வேண்டும் என்றொரு கட்டளையோடு தந்தார். தராசை இறக்கி, மீன் செதில் கழுவி, தென்னைமரத்தடியில் ஒரு பலகையின் மேல் மட்டம் பார்த்து வைத்தோம். அதே வேளையில் தலைவரின் வாகனமும் வந்து நின்றது. கண்ணாடி இறங்கியது. தராசைப் பார்த்தார். கதவைத் திறந்து இறங்கினார்.

இனி நடந்ததைக் கேளுங்கள். நாம்பனைத் தராசில் ஏற்றினோம். அது துள்ளிய துள்ளலில் எண்கள் ஓடின. ஒரு கணமும் நிற்கவில்லை. தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"அண்ணை, கன்றைத் தூக்கிக்கொண்டு நீங்கள் ஏறுங்கோ," என்றேன். "ரெண்டு பேரையும் சேர்த்து நிறுப்பம். பிறகும் அப்பிடியே ரெண்டு பேரும் ஏறுங்கோ. கூடுறது பாலாய்த்தான் இருக்கும்."

வலை இழுத்த கைகள் அவருடையவை. நாம்பனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஏறி, அலையில் வள்ளத்தை நிறுத்துவதுபோல் அசையாமல் நின்றார். எண்கள் நின்றன. தலைவர் படித்தார், நான் எழுதினேன்.

பின்னர் கன்றை அவிழ்த்தோம். அது பாய்ந்து சென்று மடியை முட்டியது; சிவலை கால்களை அகற்றி நின்று பால் விட்டது. அக்கா கன்றை விலக்கி முன் காம்புகளை வழக்கம்போலக் கறந்தார். அந்தப் பாலைத் தராசில் வைத்தோம். பழைய பதிவுகளில் இருந்த அதே அளவு. பாலை வேறு ஏனத்துக்கு மாற்றி, கன்றை மீண்டும் விட்டோம். பின் காம்புகளைப் பற்றிக்கொண்டது. கண்களை மூடிக் குடித்தது. வாயோரம் நுரை வழிந்தது. நாங்கள் நால்வரும் மூச்சை அடக்கிக்கொண்டு ஒரு கன்று பால் குடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அக்கா அதற்குள் குசினிக்குப் போய்த் தேத்தண்ணி கொண்டு வந்தார். விருந்தினர் வந்தால் அந்த வீட்டில் அதுதான் முதல் வேலை. தலைவருக்குத் தந்தார், மஜீத் நானாவுக்குத் தந்தார், கணவரிடமும் நீட்டினார். நல்லதம்பி குவளையை வாங்கி உதட்டருகே கொண்டு போய்விட்டார்.

"குடியாதையுங்கோ," என்று தலைவரும் நானும் ஒரே நேரத்தில் கத்தினோம்.

அவர் திடுக்கிட்டு நின்றார். "தேத்தண்ணியும் தராசில ஏறும் அண்ணை. அதையும் பால் எண்டு எழுத வேண்டி வரும்," என்று விளக்கினேன். அவர் ஏதோ பதில் சொல்ல வாயெடுத்தார். முதல் நிறுவையிலிருந்தே கன்னத்தில் ஒதுக்கியிருந்த வெற்றிலை தடுத்தது. வேலியோரம் திரும்பினார்.

"துப்பவும் கூடாது," என்றார் தலைவர்.

கன்னம் உப்பிய நிலையில் நல்லதம்பி எங்களை மாறி மாறிப் பார்த்தார். மஜீத் நானா லொறியின் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "பரமேஸ்வரி தங்கச்சி, இத்தனை வருசத்தில ஒங்க மனுசன் வாய் மூடி நிண்டத இண்டைக்குத்தான் பாக்கிறீங்க போல." அக்கா முந்தானையால் வாயை மறைத்துக்கொண்டார். அந்தக் காலையில் அவர் சிரித்ததை நான் கண்டது அப்போதுதான்.

கன்று குடித்து முடித்தது. நல்லதம்பி அதைத் தூக்கினார். தராசுக்கு ஓரிரு அடி இருக்கும் வேளை, நாம்பன் முதுகைக் கொஞ்சம் வளைத்தது. மாட்டோடு வாழ்ந்தவர்கள் எல்லாருக்கும் அந்த வளைவின் பொருள் தெரியும்: சிறுநீர் வரப்போகிறது. நிலத்தில் போகும் ஒவ்வொரு துளியும் எங்கள் கணக்கிலிருந்து போகும் பால். அளவை அத்தோடு முடிந்தது என்றே எண்ணினேன்.

தலைவர் அப்படி எண்ணவில்லை. வெற்றுப் பால்வாளியைப் பாய்ந்து எடுத்து, மணலில் முழந்தாளிட்டு, கன்றின் வயிற்றின் கீழே ஏந்தினார். சலசலவென்று வாளியில் விழுந்தது. கொஞ்சம் அவருடைய வெண்சட்டைக் கைக்குள்ளும் போனது. அவர் கையை எடுக்கவில்லை. முடியும்வரை ஏந்தி, வாளியையும் நல்லதம்பியின் விரல்களில் மாட்டிவிட்டு, "ஏறுங்கோ," என்றார். வாளியின் நிறை எங்களுக்கு முன்பே தெரியும்.

எண்கள் ஓடி, தயங்கி, நின்றன. தலைவர் குனிந்து படித்தார். நான் கழித்தேன். மீண்டும் கழித்தேன். பின் அவரிடம் நீட்டினேன், அவரும் கழித்தார்.

நாம்பன் குடித்தது அக்கா கறந்ததைவிடக் கூட.

நல்லதம்பி கன்றை மெல்ல இறக்கிவிட்டு, வேலியோரம் போய் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து, மனைவியைப் பார்த்துச் சொன்னார்: "அப்ப நாங்கள் இவ்வளவு நாளும் கறந்தது சின்னப் பங்கே?"

கரையோரத்தின் பொலிகாளை என் முன்னே நின்று தராசின் காலை நக்கிக்கொண்டிருந்தது. ஆனால் தலைவர் ஐயத்தை எளிதில் விடுபவர் அல்லர்.

"தோப்பூர்க் கன்றும் தாயிட்டக் குடிக்குதோ? அப்படியெண்டால் அதையும் இப்படி நிறுக்க வேணும்."

"இல்லை சேர். அது வாளிப்பாலில வளருது. நாலு காம்பும் அளவைக்கு வருது. நானே போய்ப் பார்த்தனான்."

"சரி. ஒரு காலமை ஒரு காலமைதான். பின்னேரக் கறவையும் வேணும், வேற வேற நாளிலயும் வேணும். அது வரைக்கும் இடத்தை ஆருக்கும் குடுக்கிறேல்லை. தோப்பூர்க்காரருக்கும் இதை இண்டைக்கே நேர சொல்லுவன்." அது நேர்மையான தீர்ப்பு. அவசர உவகையில் அன்றே இடத்தைக் கேட்டிருந்தேனாயின் நான் என் துறைக்குத் துரோகம் செய்தவளாவேன். "அளவைகள் இப்படியே வந்தால்," என்று அவர் தொடர்ந்தார், "கன்றைக் காளைப் பண்ணைக்கு எடுப்பம். இந்த வயதிலயே எடுக்கிறதுதான் விதி."

பரமேஸ்வரி அக்காவின் முகத்திலிருந்த சிரிப்பு மறைந்தது.

"கன்றை மட்டுமோ, சேர்?"

"ஓம். பசு உங்களுக்குத்தான்."

அக்கா கயிற்றை எடுத்து நாம்பனின் கழுத்தில் போட்டார். "நானா, லொறியின்ர பின் கதவைத் திறவுங்கோ," என்றார் அமைதியாக. "ரெண்டையும் ஏத்துங்கோ."

மஜீத் நானாவே திகைத்துப் போனார். "என்ன தங்கச்சி, ஜெயிச்ச பிறகா விக்கிறீங்க?"

"கன்று இல்லாட்டி இவள் ஒரு சொட்டுப் பால் விடமாட்டாள். முட்டக் கன்றில்லாத மாட்டை வச்சு நான் என்ன செய்ய? கத்திக் கத்தியே மெலிஞ்சு போவாள். போறதெண்டால் ரெண்டும் ஒண்டாய்ப் போகட்டும்."

இளையோரே, அந்தக் காலைப்பொழுதின் மெய்யான நெருக்கடி தராசில் இல்லை, இங்கேதான் இருந்தது. எங்களுக்கு வேண்டிய எண்ணைப் பெற்றுவிட்டோம். அந்த எண் மெய்யாக இருந்ததனாலேயே அக்கா தம் பசுவை இழக்க இருந்தார். விதிக்குக் காரணம் உண்டு: இளவயதில் எடுத்தால் நோய்த் தடுப்பு எளிது, பழக்குவதும் எளிது. தலைவருடன் வாதாடினால் இடமே போய்விடலாம். என் ஆய்வின் கனவு அந்த ஒரே கன்றில் நின்றது. வாய் திறவாமல் இருப்பதற்கு எனக்கு எல்லாக் காரணமும் இருந்தது.

"சேர்," என்றேன், "இவ்வளவு நேரமும் நாங்கள் நிறுவினது என்ன? இந்த வளவில கன்றும் கறவையும் ஒண்டு எண்டு. அதை நிறுவிப்போட்டு, கன்றைப் பிரிச்சுக்கொண்டு போனால் எங்கட அளவையை நாங்களே நம்பேல்லை எண்டுதானே அர்த்தம்? பால்குடி மறக்கும் மட்டும் அவன் இங்க நிக்கட்டும். நோய்ப் பரிசோதனையெல்லாம் நான் இங்கேயே வந்து செய்யிறன். அதுக்குள்ள அக்காவும் சிவலையைக் கன்றில்லாமல் கறக்கப் பழக்கட்டும்."

"பழகாவிட்டால்?"

"பழகாவிட்டால் கன்றை எடுக்கேலாது. அதையும் இப்பவே ஒத்துக்கொள்ளுவம்."

தலைவர் வாளியை இன்னும் கையில் வைத்திருந்தார். அதைப் பார்த்தார், நனைந்த சட்டைக் கையைப் பார்த்தார். கடற்கரைப் பக்கமிருந்து வள்ள எஞ்சின்களின் ஒலி கேட்கத் தொடங்கியிருந்தது.

"விதியில விலக்கு எழுதுறதுக்குக் காரணம் வேணும்," என்றார். "காரணத்தை நீங்கள் எழுதுங்கோ டொக்டர். கையெழுத்து நான் வைக்கிறன்." பிறகு அக்காவைப் பார்த்து, "கயிற்றைக் கழட்டுங்கோ அம்மா," என்றார்.

மஜீத் நானா வெறுமையான லொறியில் தராசை ஏற்றினார். "மாடேத்த வந்து தராசேத்திப் போறன். ஊரில சொன்னா நம்ப மாட்டானுகள்," என்று முணுமுணுத்தபடி, வள்ளங்கள் கரை தொடுமுன் அதைச் சேர்ப்பிக்க விரைந்தார். அன்று வாடியில் மீன் நிறுத்தவர்கள், தராசில் பால் மணக்கிறது என்று நல்லதம்பியை நாள் முழுவதும் கேலி செய்தார்களாம்.

தொடர்ந்த அளவைகள் முதல் அளவைக்கு மாறாகப் போகவில்லை. இடம் நாம்பனுக்குக் கிடைத்தது. கன்று புல் கடித்து வளர்ந்த மாதங்களில் அக்கா பொறுமையோடு வேறொரு வேலை செய்தார். ஒவ்வொரு நாளும் கன்றைக் கொஞ்சம் பிந்தி அவிழ்த்தார். தவிடு வைத்து, மடியைத் தடவி, பேச்சுக் கொடுத்து, பசுவைத் தம் கைக்குப் பழக்கினார். பின் காம்புகளை மட்டும் இறுதிவரை தொடவில்லை.

நாம்பன் பண்ணைக்குப் போனதற்கு மறுநாள் விடியலில் நான் வாளியோடு போனேன். அந்தக் கறவையை வேறெவரிடமும் விட எனக்கு மனம் வரவில்லை. சிவலை வெறுமையான கட்டுத்தறியைப் பார்த்துக் கத்தியது. அக்கா குந்தியிருந்து மடியைத் தடவினார். முன் காம்பை இழுத்தார். ஒன்றும் வரவில்லை. நல்லதம்பி வேலியோரம் நின்றார். அன்று அவர் வாயில் வெற்றிலை இல்லை. அக்கா தவிட்டுப் பெட்டியைக் காலால் முன்னே தள்ளி, நெற்றியைப் பசுவின் விலாவில் சாய்த்து, தாழ்ந்த குரலில் ஏதோ கதைத்தார். என்ன கதைத்தார் என்று நான் கேட்கவில்லை. அது எனக்குரிய பேச்சன்று.

வாளியின் அடியில் முதற்பால் சரெனப் பாய்ந்தது.

முன் காம்புகள் வற்றின. பிறகு அக்கா கையைத் துடைத்துக்கொண்டு பின் காம்புகளைப் பற்றினார். கன்று பிறந்ததிலிருந்து மனிதக் கை படாத காம்புகள்; சிவலை ஒருமுறை காலை மாற்றி வைத்தது, பின் நின்றுவிட்டது. நுரை ஏறியது, வாளியின் பாதியைக் கடந்தது, விளிம்பைத் தொட்டது. நல்லதம்பி குசினிக்குள் ஓடி இன்னொரு ஏனம் கொண்டு வந்தார்.

நான் தராசைத் தூக்கினேன். பரமேஸ்வரி அக்கா எழுந்து, முதுகை நிமிர்த்தி, என் பேனையைப் பார்த்தார்.

"இப்ப எழுதுங்கோ மிஸ்," என்றார். "இண்டைக்குத்தான் மாடு முழுக்க வாளிக்குள்ள வந்திருக்கு."